நாலாயிரத்து இருநூறு மீட்டரில் ஒரு பெட்டி

இக்கிகே துறைமுகத்தில், வரியில்லாக் கடையில் வாங்கினேன்.
இரண்டு டிஸ்க் கொள்ளும் பெட்டி,
செருப்பு வாங்கினால் தருவார்களே, அதைவிடச் சிறியது.
வீட்டுப் படங்களுக்கா என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
தாமிரப் பாறையை நொறுக்கும் எந்திரத்தின்
மூளையை இதில் வைக்கப் போகிறேன் என்றால்
விற்றிருக்க மாட்டார்.

நாங்கள் கேட்ட சர்வரைப் பற்றி
சாந்தியாகோ அலுவலகம் பதினான்கு மாதமாய்
'பரிசீலனையில்' என்றே எழுதியது.
பரிசீலனையில் தூசி படியாது.
எங்கள் மேசையில் படியும்.
காலையில் விரலால் எழுதிய பெயர்
மதியச் சோற்றுக்குள் காணாமல் போகும்.

முதல் பெட்டி பதினோரு நாள் உயிரோடிருந்தது.
தூசிதான் கொன்றது என்று நினைத்தேன்.
இல்லை, காற்று.
டிஸ்க்கின் முள் தட்டைத் தொடுவதே இல்லையாம்;
ஒரு மயிரை ஆயிரமாய்ப் பிளந்த இடைவெளியில்
காற்றின் மேல் மிதக்கிறதாம்.
இங்கே மிதக்கக் காற்று போதவில்லை.
புதிதாய் மலையேறி வரும் பொறியாளர்களைப் போலவே
தலைசுற்றி விழுந்திருக்கிறது.
அவர்களுக்குக் கோக்கா இலைத் தேநீர் கொடுப்போம்.
இதற்கு?

சுழலாத டிஸ்க் இரண்டு, என் கைக்காசில்.
ஃபேன் வாய்க்கு என் நைலான் காலுறை,
ஞாயிறு தோறும் துவைத்து மாட்டுவது.
அதிர்வு தாங்க அடியில் மடித்த
பழைய கன்வேயர் பெல்ட்டின் துண்டு.
"செனோபியா, ஒரு கம்பளித் தொப்பியும் பின்னிப் போடேன்"
என்று சிரித்தான் ரூபென்.
இரவு இரண்டு மணிக்குப் பச்சை விளக்கு துடிக்கும்.
வால்வுகளின் எண்கள், பெல்ட்டுகளின் வேகம்,
எவரோ நிரலுக்குள் எழுதி வைத்த
'இதைத் தொடாதே, ஏனென்று எனக்கும் தெரியாது',
எல்லாம் கேபிள் வழியே வந்து படுத்துக்கொள்ளும்.

பிப்ரவரியில் கிழக்கே மேகம் திரண்டது.
மேட்டுநிலத்து மழைக்கு முதலில் மின்னல்,
பிறகுதான் தண்ணீர்.
கம்பத்தில் இறங்கி மண்ணுக்குப் போக வேண்டியது
கேபிளுக்குள் போயிற்று.
திரைகள், சுவிட்சுகள், கட்டுப்பாட்டுக் கணினி இரண்டும்.
அறையெங்கும் வறுத்த பிளாஸ்டிக் நெடி.
வாய் நிறையப் பாறையோடு
நொறுக்கி நின்றுபோனது.

நிமிடத்துக்கு இத்தனை டாலர் நஷ்டம் என்று
சாந்தியாகோ தொலைபேசியில் எண்ணிக்கொண்டிருக்க
நான் பெட்டியைத் தேடினேன்.
கருகல் இல்லை. கீறல் இல்லை.
யாரோ அதை அலமாரி உச்சிக்கு ஏற்றியிருந்தார்கள்,
கெட்டில் வைக்க இடம் வேண்டி.
இரண்டு கம்பியும் காற்றில் தொங்கின.

கெட்டில் என்னுடையது.

ஒன்பது நாளாய்ப் பச்சை விளக்கை நான் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதையும் பார்க்கவில்லை.

விடியுமுன் நாலு மணிக்கு
ஒன்பது நாளுக்கு முந்தைய ஆலை எழுந்து நின்றது.
அந்த ஒன்பது நாளில் ரூபென்
பெல்ட்டுகளின் பக்கத்தில் நின்று காது கொடுத்து
பதினேழு எண்களைத் திருத்தியிருந்தான்.
கண்ணை மூடி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான்.
நான் தட்டத் தட்ட, பதினாலு வந்தது.
மூன்று வரவே இல்லை.
மூன்றாம் பெல்ட் பக்கம் போனால்
இன்றைக்கும் கேட்கலாம்,
பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம்.

'காப்பு நகல் ஏற்பாடு வெற்றிகரமாகச் செயல்பட்டது'
என்று அறிக்கையில் எழுதினார்கள்.
சர்வர் இன்னும் பரிசீலனையில்.

மறுபடி இக்கிகே போய் இன்னொன்று வாங்கினேன்.
அது முகாமின் சமையல்கூடத்தில் இருக்கிறது,
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால்.
அறுநூறு மீட்டர் தள்ளி, வேறு கம்பம், வேறு மின்னல்.
என்ன இது என்றாள் சமையற்காரி தெயோதோரா.
வீட்டுப் படங்கள் என்றேன்.
அவள் நம்பவில்லை. ஆனாலும் குளிருமே என்று
ஒரு துண்டால் போர்த்தி வைக்கிறாள்.
சூடேறிச் செத்துவிடும் என்று எடுத்துப் போடுகிறேன்.
அடுத்த முறை போனால்
மறுபடி போர்த்தியிருக்கிறது.